உடற்குறையும் உதவிப்படியும்: பம்பாய் நகர வரலாற்றில் ஓர் ஏடு

அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாம் நாள்தோறும் கையாளும் சொற்களுள் மூன்று, பணம் பெறுதலைப் பற்றியவை. ஒன்று நிவாரணம், மற்றொன்று ஈட்டுத்தொகை, மூன்றாவது படி. துன்புற்றவருக்கு இரக்கத்தினால் அளிக்கப்படுவது நிவாரணம். இழந்த பொருளுக்கோ உறுப்புக்கோ விலை மதித்துக் கொடுக்கப்படுவது ஈட்டுத்தொகை. ஒருவர் தம் கடமையை ஆற்றும்பொழுது மற்றவரைக் காட்டிலும் கூடுதலாகச் செலவிட நேர்ந்தால், அச்செலவைக் கணக்கிட்டு அளிக்கப்படுவது படி. கூலியாளுக்கு நெல்லை அளந்து கொடுத்த காலத்தை நினைவூட்டும் சொல் இது. பயணப்படி, வீட்டு வாடகைப்படி, அகவிலைப்படி ஆகியவற்றை வாங்கும் எவரும் தம்மைப் பிறர் தயவில் வாழ்பவராகக் கருதுவதில்லை.

உடற்குறையோடு வாழும் ஒருவருக்கு அரசாங்கம் அளிக்கும் பணம் இம்மூன்றில் எந்த இனத்தைச் சேர்ந்தது? இவ்வினாவுக்கு நம் நாடு காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கூறி வந்துள்ளது. அவ்விடைகளின் தடயங்கள் பலவும் பம்பாய் நகரில், அதிலும் தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளிலேயே கிடைக்கின்றன. ஆகவே, 1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என வழங்கும் அந்நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வரலாற்றை நோக்குவோம். டில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கும் இது புறம்பான செய்தியன்று.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முடவர், குருடர் என்று கூசாமல் வழங்கிய காலம் போய், உடல் ஊனமுற்றோர் என்னும் சொல் வந்தது. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனையும் விடுத்து, மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல்லை ஏற்றது. பெயர் உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் வாழ்க்கைச் செலவு பெயரைப் பார்த்துக் குறைவதில்லை.

அந்தச் செலவு யாது என்பதை முதலில் தெளிந்து கொள்வோம். தாராவியில் ஒரே சந்தில் இரு குடும்பங்கள் வாழ்வதாகவும், இரண்டுக்கும் மாத வருமானம் 15,000 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். இரண்டாம் வீட்டில் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் தளர்ந்த ஒருவர் இருக்கிறார். தரைமட்டத்தில் ஓர் அறையும், செங்குத்தான இரும்பு ஏணி வழியே ஏறிச் செல்லும் மேலறையுமாக அமைந்த வீடுகள் அங்கே மிகுதி. ஏணி ஏற இயலாதவர் கீழறையைத்தான் தேட வேண்டும். மேலறை மலிவாகக் கிடைத்தாலும் அவருக்குப் பயனில்லை. பொதுக் கழிப்பிடத்துக்குச் செல்லத் துணை வேண்டும். இரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏற முடியாத நாளில் வாடகை வண்டி பிடிக்க வேண்டும். ஊன்றுகோலின் அடியிலுள்ள இரப்பர் தேய்கிறது. காலில் பூட்டும் காலிப்பரின் தோல்வார் அறுகிறது. மருத்துவமனைக்கு உடன் செல்லும் தம்பியோ மனைவியோ அன்றைய கூலியை இழக்கின்றனர். இரு வீட்டிலும் நுழையும் பணம் ஒன்றே. அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் எஞ்சும் பணம் ஒன்றன்று.

இவ்வுண்மையைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், 2009-இல் வெளிவந்த நீதியைப் பற்றிய தம் நூலில் விளக்கியுள்ளார். உடற்குறை இருவகை இடர்களைத் தருகிறது என்பது அவர் கருத்து. சம்பாதிப்பது கடினமாதல் முதல் இடர். சம்பாதித்த பணத்தை நல்வாழ்வாக மாற்றிக் கொள்வது கடினமாதல் இரண்டாம் இடர். பிரிட்டனைப் பற்றி வீப்கே குக்ளிஸ் என்னும் ஆய்வாளர் செய்த கணக்கை அவர் எடுத்துக் காட்டுகிறார். அங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழான குடும்பங்களில் வாழ்ந்தோர் நூற்றுக்கு 17.9 பேர். உடற்குறையுள்ள ஒருவரைக் கொண்ட குடும்பங்களை மட்டும் எடுத்துக் கொண்டால், அத்தொகை 23.1 ஆகிறது. கூடுதற் செலவையும் கணக்கில் சேர்த்தபொழுது அதுவே 47.4 ஆக உயர்ந்தது. வருமானத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாமல் எத்தனை வறுமை மறைந்து கிடக்கிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாராவியில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. அண்மையில் பாந்திராவில் இறைச்சிக் கூடம் இருந்தது. கழிமுகத்து நீரும் காலி நிலமும் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம் வணிகரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் வந்து குடியேறினர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதிப்பதும், மயிர் களைவதும், சுமப்பதும் அவர்கள் தொழில். பின்னர் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழர்கள் மாதுங்காவில் வீடு பிடித்தனர். நாடு விடுதலை பெற்ற பிறகு செம்பூர் விரிந்தது. இம்மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் இல்லை. ஆயினும் உடல் தளர்ந்த காலத்தில் அவற்றில் வாழ்ந்தோர்க்குக் கிடைத்த ஆதரவு வெவ்வேறாயிருந்தது.

அக்காலத்து விடை நிவாரணமே. அது நம் நாட்டுக்குப் பழக்கமான விடையுங்கூட. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரை வீதிகளில் தான் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் முதலில் ஊட்டிவிட்டு, எஞ்சியதையே உண்டான் என்று சாத்தனார் பாடியுள்ளார். உயர்ந்த அறம் அது. ஆனால் தனி மனிதரின் அருளை நகராட்சியும் சட்டமும் மேற்கொண்டபொழுது அதன் முகம் வேறாயிற்று.

1890-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பம்பாய் நகராட்சி ஆணையர் அக்வொர்த் என்பவரின் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளர்க்கென ஓர் இல்லம் மாதுங்காவில் திறக்கப்பட்டது. இன்று வடாலாப் பகுதியில் அவர் பெயரால் வழங்கும் நகராட்சித் தொழுநோய் மருத்துவமனை அதன் வழிவந்ததே. தெருக்களில் கிடந்தவர்களுக்கு உணவும் கூரையும் மருத்துவமும் அங்கே கிடைத்தன என்பதை மறுக்கலாகாது. எனினும் அங்கே சேர்க்கப்பட்டவர் தம் விருப்பம்போல் வெளியேற இயலாத நிலையும் பின்னர் ஏற்பட்டது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுப்பவரும் வெளிப்படையான பிழைப்பு வழியில்லாதவருமான நோயாளரைப் பிடித்து அடைக்க இடமளித்தது. வசதி படைத்த நோயாளரை அச்சட்டம் தொடவில்லை. ஆகவே நோயோடு வறுமையும் சேர்ந்தபொழுதே அது குற்றம் போல நடத்தப்பட்டது. அச்சட்டம் 2016-ஆம் ஆண்டில்தான் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்னரும் இம்மனப்பாங்கு முற்றிலும் மறையவில்லை. 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பிச்சை பெறும் நோக்கத்தோடு தன் புண்ணையோ, காயத்தையோ, உறுப்புக் குறையையோ வெளிக்காட்டுவதையும் பிச்சையெடுத்தல் என வரையறுத்தது. அவ்வாறு பிடிபட்டவர்களை வைக்கும் இல்லம் செம்பூரில் அமைந்தது. அச்சட்டத்தைப் பின்னர் டில்லியும் ஏற்றுக் கொண்டிருந்தது. 2018-ஆம் ஆண்டில் டில்லி உயர் நீதிமன்றம், பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கிய பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என அங்கே செல்லாதன ஆக்கியது. கையில்லாதவன் தன் கையின்மையைக் காட்டி இரந்தால் குற்றம். காட்டாதிருந்தால் அவன் செலவை ஏற்பார் இல்லை. நிவாரணம் என்னும் விடையின் எல்லை இதுவே.

இரண்டாவது விடை ஆலைகளிலிருந்து பிறந்தது. 1923-ஆம் ஆண்டில் தொழிலாளர் ஈட்டுத்தொகைச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு முதலாளி பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கை அப்பொழுது நிலைபெற்றது. விபத்து மட்டுமன்றி, சில தொழில்களால் வரும் நோய்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தோலைக் கையாள்வோரைப் பற்றும் அடைப்பான் நோய் அவற்றுள் ஒன்று. தாராவித் தொழிலாளியின் துன்பம் ஒன்று சட்டப் புத்தகத்தில் ஏறியது, நாம் அறிந்த வரையில், இங்ஙனமே.

அச்சட்டத்தின் பட்டியலை மொழிபெயர்ப்பவர் எவரும் ஒரு கணம் திகைப்பர். மனித உடல் அங்கே நூற்றுக்கு இத்தனை என்று பகுக்கப்பட்டுள்ளது. பிற்காலத் திருத்தங்களின்படி, ஒரு கையின் கட்டைவிரல் முழுவதும் போனால் நூற்றுக்கு 30, ஆள்காட்டி விரல் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இது கொடுமை என்று நாம் கூறவில்லை. ஓர் அளவுகோல் இருந்தமையால்தான் ஏழைத் தொழிலாளி, ஆணையர் முன்னே நின்று உரிமையோடு கேட்க முடிந்தது. ஆயினும் அவ்வளவுகோல் எதனை அளந்தது? சம்பாதிக்கும் ஆற்றலில் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டுமே அளந்தது. விரலிழந்தவர் வாழ்வதற்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்பதை அது கேட்கவில்லை.

அடுத்து, 1944-ஆம் ஆண்டில் பேராசிரியர் அடார்க்கர் அளித்த அறிக்கையின் பயனாக, 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் அத்திட்டம் தொடங்கியது. 1954-இல் பம்பாய்க்கு வந்தது. ஒரேயடியாகக் கையில் கொடுத்து முடித்துவிடும் தொகைக்குப் பதிலாக, ஊனமுற்ற தொழிலாளிக்கு வாழ்நாள் முழுவதும் திங்கள்தோறும் பணம் என்னும் ஏற்பாடு இதன் சிறப்பு. இந்நாளில், முற்றிலும் உழைக்க இயலாமற் போனவர்க்குச் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு அளிக்கப்படுகிறது. இது பெரும் பேறு. எனினும் கூலியில் 90 பங்கைக் கொண்டு, முன்பிருந்ததைவிட மிகுந்த செலவை ஏற்க வேண்டியவராகிறார் என்பதையும் மறத்தலாகாது.

இத்திட்டத்துக்கு வெளியே நின்றவர் யாவர்? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு பட்டறைகளில் உழைத்தோர் பெரும்பாலும் வெளியே நின்றனர். தாராவியோ அத்தகைய பட்டறைகளால் நிறைந்தது. வீட்டிலிருந்தே இட்லி அவித்துக் கூடையில் வைத்து விற்க அனுப்பிய பெண்களும், முறுக்குச் சுற்றிக் கொடுத்த பெண்களும் வெளியே நின்றனர். பிறவியிலேயே பார்வையோ செவிப்புலனோ இல்லாதவர்களுக்கும் அதில் இடமில்லை. கூலியே பெறாதவர் எந்தக் கூலியில் பங்கு கேட்பது?

இதே கேள்வி இங்கிலாந்திலும் எழுந்தது. 1965-ஆம் ஆண்டில் மேகன் டு புவாசன், பெரிட் மூர் என்னும் இல்லத்தரசியர் இருவர், நோயினால் உடல் தளர்ந்தும் சம்பளக்காரர் அல்லர் என்ற காரணத்தால் தமக்குக் காப்பீட்டுப் பணம் கிட்டாமையைக் கண்டு, ஊனமுற்றோர் வருமானக் குழு என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அத்தகைய கிளர்ச்சியின் பயனாக 1971-இல் அந்நாட்டில் துணையாளர் படி என்பது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் எவ்வளவு சம்பாதித்தார், எங்கே அடிபட்டார் என்று கேளாமல், பிறர் துணை அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் கேட்டு அளிக்கப்பட்ட தொகை அது. நாம் தொடக்கத்தில் கூறிய மூன்றாவது சொல் அங்கே உடற்குறையாளரின் வீட்டுக்குள் நுழைந்தது.

நம் நாட்டில் அக்காலம் மருத்துவத் துறையில் அரும்பெரும் முன்னேற்றம் கண்ட காலமாகும். பம்பாயைச் சேர்ந்த பாத்திமா இஸ்மாயில் அம்மையார், இளம்பிள்ளை வாதம் கண்ட தம் மகளைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, எலும்பு மருத்துவர் கினியிடம் சிகிச்சை பெறச் செய்தார். அந்த அனுபவத்தால் உந்தப்பட்டு, 1947-இல் பம்பாயில் அத்தகைய குழந்தைகளுக்கென மருத்துவ நிலையம் தொடங்கினார். 1955-இல் ஹாஜி அலியில் உடல் மருத்துவ மறுவாழ்வுக்கான அகில இந்திய நிறுவனம் அமைந்தது. 1948-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை முறையால் இயங்கச் செய்தார். 1968-இல் செய்ப்பூரில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் குறைந்த விலையில் செயற்கைக் காலைப் படைத்தனர். 1972-இல் பம்பாயில் மிது ஆலூர் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், மூளை முடக்குவாதம் கண்ட குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திப் பின்னர்த் தாராவிக் குழந்தைகளிடையேயும் பணியாற்றியது. 1976-இல் மருத்துவர் கணபதி நிறுவிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தினர், தாராவியின் சந்துகளில் புகுந்து நோயாளரைத் தேடினர்.

இவை அனைத்தும் போற்றத்தக்கவை. ஆயினும் சிகிச்சை முடிந்தபின் தொடரும் செலவு வேறு. தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நோயும் குணமாகிறது. ஆனால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் மீண்டும் புண் வராமல் காக்க, மெத்தென்ற நுண்துளை இரப்பர் செருப்பு வேண்டும். அது தேயத் தேய மாற்ற வேண்டும். செயற்கைக் காலும் அவ்வாறே; ஒரு முறை இலவசமாகப் பெற்றவர் ஆயுள் முழுவதும் அதனோடு நடந்துவிட இயலாது. மருத்துவமனை ஒரு நாள் செலவை ஏற்கிறது. மற்ற நாட்களின் செலவைக் குடும்பம் ஏற்கிறது.

அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதே அரசியலமைப்பு, உடற்குறையாளர்க்கு நிவாரணம் அளிக்கும் பொறுப்பை மாநிலப் பட்டியலின் ஒன்பதாம் இனமாக வைத்துள்ளது. தாய்மாநிலத்தை விட்டு வாழும் நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இது. மாநிலத்தின் பொறுப்பு என்றால், மாநிலத்தவர் யார் என்னும் கேள்வி உடனே எழுகிறது.

மகாராட்டிரத்தில் 1980-ஆம் ஆண்டில் சஞ்சய் காந்தி ஆதரவற்றோர் உதவித் திட்டம் தொடங்கியது. விண்ணப்பிப்பவர் அம்மாநிலத்தில் குறைந்தது 15 ஆண்டுகள் வாழ்ந்தவராயிருத்தல் வேண்டும். உடற்குறையாளரின் குடும்ப ஆண்டு வருமானம் 50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்றும் வரம்புண்டு. தமிழகத்திலோ, கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்கான பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் திங்களுக்கு 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது தமிழகத்தில் வாழ்வோர்க்கே உரியது. எனவே நெல்லையிலிருந்து வந்து பத்தாண்டுகளாகத் தாராவியில் வாழும் ஒருவர், விபத்தில் காலிழந்தால், ஊரின் கணக்கிலிருந்தும் நீங்கியவர். நகரின் கணக்கிலும் ஏறாதவர். மத்திய அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். அதன் பின்னே வரவேண்டிய பணம் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது.

மத்திய அரசும் ஒரு பங்கை ஏற்றுள்ளது. 2009-ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. நூற்றுக்கு 80 அளவும் அதற்கு மேலும் உடற்குறையுள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினர்க்கு அது உரியது. மத்திய அரசின் பங்கு முதலில் 200 ரூபாயாயிருந்து, 2012-இல் 300 ரூபாயாயிற்று. நாளொன்றுக்குப் பத்து ரூபாய்.

மூன்றாவது விடை நம் சட்டத்தில் இடம்பெற்றது அண்மையில்தான். 2007-இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, வறுமையில் வாழும் உடற்குறையாளர்க்கு அக்குறையினால் நேரும் செலவுகளுக்கு அரசின் உதவி கிடைக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அதனைப் பின்பற்றி, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 24-ஆம் பிரிவில் ஒரு விதி செய்தது. ஒத்த திட்டங்களில் பிறருக்கு அளிக்கப்படுவதைவிட இவர்களுக்கு அளிக்கப்படும் தொகை நூற்றுக்கு 25 பங்கேனும் மிகுதியாயிருக்க வேண்டும் என்பது அவ்விதி. மிகுந்த துணை வேண்டுவோர்க்குப் பராமரிப்பாளர் படி அளிப்பதையும் அப்பிரிவு குறிப்பிடுகிறது. இரு வீடுகளின் வருமானம் ஒன்றாயினும் செலவு ஒன்றன்று என்னும் உண்மையைச் சட்டம் தன் மொழியில் ஒப்புக் கொண்ட இடம் இதுவே.

ஏட்டில் ஏறியது கைக்கு வந்ததா? மத்திய அரசின் ஓய்வூதியத்தில் விதவையருக்குரிய பங்கும் 2012-இல் 300 ரூபாயாக வைக்கப்பட்டது. உடற்குறையாளர்க்குரியதும் அதே 300 ரூபாய். மகாராட்டிரத்திலும் நெடுநாள் அவ்வாறே இருவர்க்கும் ஒரே தொகை இருந்து வந்தது. 2025 செப்டம்பரில் அம்மாநில அமைச்சரவை, உடற்குறையாளர்க்கு மட்டும் 1,500 ரூபாயை 2,500 ரூபாயாக உயர்த்த முடிவு செய்தது. கூடுதற் செலவுக்கென ஒரு வேறுபாடு அங்ஙனம் தோன்றியது.

இவ்வேறுபாடு எவ்வளவு தூரம் செல்லும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். சட்டம் கூறும் குறைந்த அளவாகிய நூற்றுக்கு 25 என்பது 1,500 ரூபாய்க்கு 375 ரூபாயாகும். திங்களில் 25 வேலை நாட்கள் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 15 ரூபாய். மும்பையில் வாடகைக் காரின் குறைந்த கட்டணம் 2025 பிப்ரவரியில் 31 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே தாராவியிலிருந்து அருகிலுள்ள சயான் மருத்துவமனைக்குப் போகும் வண்டிக் கூலியில் பாதிக்கும் அது போதாது. புதிதாக உயர்ந்த 1,000 ரூபாயை அவ்வாறே பகுத்தால் நாளொன்றுக்கு 40 ரூபாய். போவதற்கு 31 ரூபாய் கொடுத்துவிட்டால், திரும்பி வருவதற்கு ஒன்பது ரூபாய் மிஞ்சும்.

இவ்விடத்தில் நம்மைப் போன்ற அலுவலர்கள் நினைவிற் கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. மத்திய அரசுப் பணியிலுள்ள பார்வையற்றோர்க்கும் கை கால் குறைபாடுள்ளோர்க்கும் 1978-ஆம் ஆண்டிலேயே தனிப் போக்குவரத்துப்படி அனுமதிக்கப்பட்டது. இந்நாளில் உடற்குறையுள்ள மத்திய அரசு ஊழியர்க்குப் போக்குவரத்துப்படி பிறரைப் போல் இருமடங்காக அளிக்கப்படுகிறது. உடற்குறையால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு, ஊழியரின் காலத்துக்குப் பின்னரும் ஆயுள்வரை குடும்ப ஓய்வூதியம் உண்டு. இவற்றை எவரும் தருமம் என்று கூறுவதில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் அலுவலரின் வீட்டில் உரிமையாக விளங்குவது, அரைமணி தொலைவிலுள்ள தாராவியில் இரக்கமாக மாறுவதற்கு நியாயம் யாது? கால் தளர்ச்சி இரண்டிடத்தும் ஒன்றே. மேம்பாலத்தின் படிகளும் ஒன்றே.

இதற்கு மறுப்புரைகள் உண்டு. பொய்ச் சான்று பெருகும் என்பர் சிலர். சில இடங்களில் அது நேர்ந்திருக்கலாம். அதற்கு மருந்து சோதனையைச் செம்மைப்படுத்துவதேயன்றி, மெய்யானவர்க்கு மறுப்பதன்று. அரசாங்கத்தின் பணப்பை தாங்காது என்பர் வேறு சிலர். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் உடற்குறையாளர் 2.68 கோடிப் பேர். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அச்செலவு இன்றும் நடந்து கொண்டே இருக்கிறது. மகளின் பள்ளிப் படிப்பு நிறுத்தப்படுவதாகவும், தாயின் கூலி வேலை கைவிடப்படுவதாகவும், வட்டிக்கடையில் வைத்த நகையாகவும் குடும்பங்கள் அதனைச் செலுத்தி வருகின்றன. அரசாங்கம் கொடுக்காத படியை ஏழைக் குடும்பம் கொடுக்கிறது என்பதே உண்மை.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் செய்யத்தக்கவை சில உள. உடற்குறையுள்ளவர் வீட்டிலிருந்தால், தனித்துவ அடையாள அட்டைக்குக் காலம் தாழ்த்தாமல் விண்ணப்பித்தல் வேண்டும். குடியிருப்பைக் காட்டும் பழைய வாடகைச் சீட்டுகள், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றைப் பேணி வைத்தல் வேண்டும். பதினைந்து ஆண்டு வாழ்ந்தமையை மெய்ப்பிக்கும் நாளில் அவை பொன்னாகும். மராத்தியிலோ இந்தியிலோ உள்ள விண்ணப்பத் தாளைக் கண்டு தயங்கி நிற்பவர் பலர். ஒவ்வொரு நகரத் தமிழ்ச் சங்கத்திலும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, எழுதப் படிக்க அறிந்த இருவர் அமர்ந்து அத்தாள்களை நிரப்பிக் கொடுத்தால், விழாக்களுக்குச் செலவிடும் முயற்சியில் ஒரு சிறு பகுதியே அதற்குப் போதும்.

அதற்கு மேல் வேண்டுவது கொள்கை மாற்றம். ஒருவர் எந்த மாநிலத்தில் பிறந்தார், எத்தனை ஆண்டு எங்கே வாழ்ந்தார் என்பதைப் பொறுத்து மாறாமல், உடற்குறையின் கூடுதற் செலவைக் கணக்கிட்டு அட்டையோடு கூடவே செல்லும் ஒரு படியை மத்திய அரசும் மாநிலங்களும் கூடி வகுத்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது விலைவாசி ஏறியதும் ஊழியர்க்குப் பஞ்சப்படி வழங்கப்பட்டது. விலைக் குறியீட்டைப் பார்த்து அதனைத் திருத்தும் முறையும் நிலைபெற்றது. விலை ஏறினால் செலவு ஏறும் என்பதை ஏற்றுக் கொண்ட நிர்வாகத்துக்கு, கால் தளர்ந்தாலும் செலவு ஏறும் என்பதை ஏற்பது அரிதன்று. அதற்கான சட்டப் பிரிவு 2016 முதல் நம்மிடம் இருக்கிறது. அதனை அறிந்து, உரியவர்க்கு எடுத்துச் சொல்லி, உரிய இடத்தில் கேட்பது நம் கடமையாகும்.